ஐந்தாவது இலை

“மரத்துக்கு நோய்னா மட்டும் வாங்க. வேற எதுக்கும் இந்தப் பக்கம் தலைகாட்டாதீங்க.”

“சரிங்க.”

ஆறு மாதத்துக்கு முன், பயிர்நோய் ஆய்வக வாசலில் ஆய்வக அதிகாரியிடம் அந்த மாமரத்துக்காரர் அப்படித்தான் ஒப்புக்கொண்டிருந்தார். சொன்ன பேச்சு மாறாமல், இன்று ஐந்தாவது முறையாக ஒரு மாவிலையோடு வந்து நின்றார்.

“வந்துட்டாருப்பா நம்ம மாமரம்!” என்று ஆய்வக உதவியாளர் சிரித்தார்.

“பூவுல சாம்பல் நோய்னீங்க, கந்தகம் தெளிச்சேன். இலையில கரும்புள்ளின்னீங்க, கிளையை வெட்டி எரிச்சேன். இப்ப மறுபடியும் வெள்ளையா படிஞ்சிருக்குங்க.”

அதிகாரி நிமிர்ந்தே பார்க்கவில்லை.

“சாம்பல் நோய் பூக்குற நேரத்துல வரும். கொட்டுற மழையில எப்படி வரும்?”

நோய் இல்லையென்றால் இங்கே வந்து நிற்க அவருக்கு வேறு சாக்கே கிடையாது.

அதிகாரி வெள்ளைப் பொடியைச் சுரண்டி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். “பூஞ்சையே இல்லையே!” என்றபடி இலையை மூக்கருகே கொண்டு போனவர், அப்படியே நின்றுவிட்டார்.

“இது என் பவுடராச்சே!” என்றாள் அந்த அதிகாரி, ஆறு மாதமாகப் பிரிந்திருக்கும் அவருடைய மனைவி.

“நீ கண்ணாடி முன்னாடி விட்டுட்டு வந்த டப்பாதான்.”

“ஏங்க இப்படி?”

“நீ சொன்ன மருந்துல மரம் குணமாயிடுச்சும்மா. எடுத்துட்டு வர ஒரு சொத்தை இலைகூடக் கிடைக்கல. அந்த டப்பாவும் காலி. இனிமே என்ன பண்றதுன்னே தெரியல.”

நாலு தடவையும் நாக்கு நுனி வரை வந்து திரும்பிப் போனதை, உதவியாளர் காதில் விழும்படியே சொல்லிவிட்டார்.

“வீட்டுக்கு வந்துடேன்.”