கை தவறிய ஜாடி

என் ஜாடியைப் போட்டு உடைத்தது கண்ணாடிக்காரம்மாதான். அதை அவரே ஒத்துக்கொண்டார்.

எங்கள் அருங்காட்சியகத்தில் பழைய பொருள்களைப் பழுதுபார்க்கும் கூடத்தில் இரண்டே மேஜைகள். ஒன்றில் அவர், ரோமானியர் காலத்துக் கண்ணாடிக் குப்பிகளை ஒட்டுபவர். இன்னொன்றில் நான், அதே காலத்து மண்பாண்டங்களுக்குக் கட்டுப் போடும் வைத்தியர். இருவருமே தற்காலிகம். புதுக் காட்சிக்கூடம் திறந்ததும் இருவரில் ஒருவரை நிரந்தரமாக்குவதாக இயக்குநர் சொல்லியிருந்தார்.

அதனால் அந்த எண்ணெய் ஜாடியைப் பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்தேன். கூடை கூடையாக வந்த ஓட்டாஞ்சில்லுகளை அடியிலிருந்து ஒட்டி, தோள்வரை கொண்டுவந்தாயிற்று. கடைசிச் சில்லு மட்டும் உள்ளே போவேனா என்றது. மயிரிழை இடிக்கிறது. கீழே எங்கேயோ கோணலாக ஒட்டித் தொலைத்திருக்கிறேன் என்று அர்த்தம். முறைப்படி எல்லாவற்றையும் பிரித்து, முதலிலிருந்து ஒட்ட வேண்டும்.

முறையாவது மண்ணாவது. திறப்பு விழா தலைக்கு மேல் வந்துவிட்டது. உப்புத்தாளால் சில்லின் ஓரத்தை லேசாகத் தேய்த்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? எங்கள் தொழிலில் அது பஞ்சமாபாதகம். இரண்டாயிரம் வருஷத்துப் பொருளில் ஒரு துகளைக்கூடக் குறைக்கக் கூடாது. பாதகத்தைக் காலையில் சாவகாசமாகச் செய்துகொள்ளலாம் என்று, உப்புத்தாளையும் சில்லையும் மேஜையில் அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

காலையில் வந்தால், ஜாடி தட்டில் சில்லுசில்லாகக் கிடக்கிறது. கண்ணாடிக்காரம்மாவின் கை பட்டு விழுந்துவிட்டதாம்.

நான் ஆடிய ஆட்டம் இருக்கிறதே! சாமி வந்தவன்கூட அப்படி ஆடியிருக்க மாட்டான். இயக்குநரை வைத்துக்கொண்டே, "இந்த வேலைக்குக் கை நிதானம் வேணும் மேடம்" என்று உபதேசம் வேறு. அவர் தன் குப்பியை ஒட்டத் திரும்பிவிட்டார்.

இயக்குநர் என்மேல் இரக்கப்பட்டு விழாவையே தள்ளிவைத்தார். இந்தத் தடவை அவசரப்படாமல் ஒட்டினேன். கடைசிச் சில்லு சமர்த்தாகப் போய் உட்கார்ந்தது. நிரந்தர வேலை எனக்கு. கண்ணாடிக்காரம்மாவை மாசக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்கள். கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது, ஆனால் தூக்கம் ஒன்றும் கெடவில்லை.

விழாவுக்கு வந்த மனைவியிடம் ஜாடியைக் காட்டிப் பீற்றிக்கொண்டேன். கீழே விழுந்தும் நான் ஒட்டின இடங்களில் மட்டும்தான் விட்டிருக்கிறது, புதுசாக ஒரு கீறல்கூடக் கிடையாது, எல்லாம் என் கைராசி என்றேன்.

அவள் ஜாடியைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"ஏங்க, கீழ விழுற ஜாடி, ஒட்டின இடமாப் பார்த்துப் பார்த்தா உடையும்?"

உடைசலைப் பார்த்து அது எப்படி உடைந்தது என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளமே.

கூடத்துக்கு ஓடினேன். கண்ணாடிக்காரம்மா தன் தூரிகைகளைப் பையில் எடுத்துவைத்துக்கொண்டிருந்தார். ஜாடி விழவே இல்லைதானே என்று கேட்டேன். முதலில் மழுப்பினார், அப்புறம் ஒத்துக்கொண்டார். அன்றைக்கு என் மேஜையில் உப்புத்தாளைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டதாம். நான் போன பிறகு, பசையைக் கரைக்கும் மருந்தை வைத்துச் சில்லு சில்லாகப் பதமாகப் பிரித்தாராம்.

வெட்கத்தோடு கேட்டேன்.

"இயக்குநர்கிட்ட உள்ளதைச் சொல்லியிருக்கலாமே மேடம்? இந்த வேலை உங்களுக்கு வந்திருக்குமே."

அவர் பையின் வாயை இழுத்து மூடினார்.

"கை தவறினவளை வேற எங்கயாவது எடுத்துக்குவாங்க சார். தேய்க்கத் துணிஞ்சவரை எங்கயும் எடுக்க மாட்டாங்க."