கேரவன் பக்கம் போகாதீங்க!

“கேரவன் பக்கம் மட்டும் போயிடாதீங்க! உள்ளே பூரா பேட்டரி. எப்ப வெடிக்கும்னு கடவுளுக்குத்தான் வெளிச்சம்!”

வாசலில் நின்று அப்பா தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். வேடிக்கை பார்க்கப் போன பெரியம்மா, விட்டால் போதும் என்று திரும்பி வந்துவிட்டார்.

சமையலறையில் இருந்த என் மனைவிக்குக் கோபத்தில் முகம் சிவந்துவிட்டது.

“கேட்டீங்களா? உங்கப்பா மறுபடியும் ஆரம்பிச்சாச்சு!”

“வயசானவர், பயப்படறார். விடேன்.”

“எப்படி விடறது? காலையில பால்காரர்கிட்ட சொல்லியாச்சு. நேத்து தபால்காரர்கிட்ட. தெருவுல ஒருத்தர் பாக்கி இல்லை. ராத்திரி பகலா நான் உழைச்சதை இப்படியா நாறடிக்கறது?”

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது.

காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகிற கேரவன் அது. லீவு விட்டால் ஊர் சுற்றலாம் என்று பழசாக வாங்கினோம். சுற்றியதை விட வாசலில் நின்றதுதான் அதிகம். அதைத்தான் அவள் தன் ஆபீஸாக மாற்றினாள்.

புத்தகங்களை வாசித்து ரெக்கார்ட் செய்து கொடுப்பது அவள் வேலை. எங்கே கொண்டு போய் நிறுத்தினாலும் கரன்ட் வேண்டுமே! ஜெனரேட்டர் வைத்தால் அது போடும் சத்தம்தான் ரெக்கார்ட் ஆகும். அதனால், அடிபட்ட எலெக்ட்ரிக் கார்களில் கழற்றிய பேட்டரிகளைப் பழைய வண்டிக் கடையில் ஒவ்வொன்றாகச் சோதித்து வாங்கினாள். பெஞ்சுக்கு அடியில் இரும்புப் பெட்டி அடித்து அதற்குள் அடுக்கினாள். ஃபியூஸ் என்ன, சூடு ஏறினால் தானே அணைத்துவிடும் கருவி என்ன, ஒன்று விடாமல் மாட்டினாள். படுக்கை இருந்த இடத்தில் மேஜையும் மைக்கும் வந்தன. நான் ஸ்க்ரூடிரைவர் எடுத்துக் கொடுத்தேன். அதிலும் பாதி நேரம் தப்பான சைஸ்.

எலெக்ட்ரீஷியனை வரவழைத்துக் காட்டினோம். “உங்க வீட்டு வயரிங்கை விட இது பத்திரம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதல் நாள் சொந்தபந்தம், அக்கம்பக்கம் எல்லோரும் வந்து பார்த்து ஆகா ஓகோ என்றார்கள். அவள் பூரித்துப் போனாள். யார் கண் பட்டதோ, மறுநாளே அப்பா ஆரம்பித்துவிட்டார்.

அன்று மாலை அவரைத் தனியாகப் பிடித்தேன்.

“அப்பா, அவ ரொம்ப வருத்தப்படறா. கொஞ்சம் வாயை அடக்கிக்கக் கூடாதா?”

“உள்ளதைத்தானே சொல்றேன்?”

“பத்திரம்னு எலெக்ட்ரீஷியனே சொன்னாரே!”

“அவனுக்கென்ன, சொல்லிட்டுப் போயிட்டான். வெடிச்சா நம்ம வாசல்லதானே வெடிக்கும்? போய் உன் வேலையைப் பாரு.”

சுவரோடு முட்டிக்கொள்வதும் அப்பாவோடு பேசுவதும் ஒன்றுதான். திரும்பி வந்துவிட்டேன்.

அவளுக்கு இதற்கெல்லாம் மல்லுக்கட்ட நேரமில்லை. காரணம், போன நாவல். வீட்டுக்குள் உட்கார்ந்து வாசித்தாள். கதாநாயகி உயிரை விடுகிற இடத்தில், “ஒரு வாய் காபி கிடைக்குமா?” என்று பெரியம்மா குரல்! பதிப்பகத்தில் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். சிரித்த கையோடு, “அடுத்ததும் இப்படின்னா நாங்க வேற ஆளைப் பார்த்துக்கறோம்” என்றும் சொல்லிவிட்டார்கள்.

அந்த அடுத்த நாவலை வெள்ளிக்கிழமைக்குள் முடித்தாக வேண்டும். தவறினால் வேலையே போச்சு.

காலையில் கேரவனுக்குள் போவாள். மதியம் சாப்பிட வருவாள். மறுபடி கதவைச் சாத்திக்கொண்டால் இருட்டும்போதுதான் வெளியே வருவாள். வியாழக்கிழமையே முடித்து அனுப்பிவிட்டாள்.

மறுநாள் பதிப்பகத்திலிருந்து போன்.

“ஒரு சின்ன சத்தம்கூட இல்லையாம்! இனிமே வர்ற நாவல் எல்லாம் எனக்குத்தானாம்!”

குதித்துக்கொண்டே கேரவனைப் பூட்டப் போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு மூக்குக்கண்ணாடி இருந்தது. நேராக அப்பா முன்னால் போய் நின்றாள். அவர் பேப்பரை மூக்கில் இடிக்கிற மாதிரி வைத்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்தார்.

“மாமா, இது எங்கே கிடைச்சுது தெரியுமா? பேட்டரி பெட்டி இருக்கற பெஞ்சு மேல. கூடவே உங்க தலையணையும்!”

அப்பா திருதிருவென்று விழித்தார்.

“நான் சாப்பிட வர்ற நேரமாப் பார்த்து அங்கே போய்ப் படுத்துக்கறீங்களா?”

“நல்லா காத்து வருதும்மா. அப்படியே கண்ணை அசத்திடுது.”

“அப்ப உங்களுக்குத் துளி பயம்கூட இல்லை! பின்ன எதுக்கு மாமா வெடிக்கும் வெடிக்கும்னு ஊர் பூரா சொல்லி என் மானத்தை வாங்கினீங்க?”

எனக்கே அப்பா மேல் ஆத்திரம் வந்தது.

அப்பா கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டார். வாசலில் யாராவது நிற்கிறார்களா என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“‘மருமக வேலை பார்க்கறா, தொந்தரவு பண்ணாதீங்க’ன்னு இத்தனை வருஷமா கெஞ்சிப் பார்த்தேம்மா, ஒருத்தர் காதுலயும் ஏறலை. ‘வெடிக்கும்’னு சொன்னேன் பாரு, அப்பத்தான் உன்னை வேலை பார்க்க விட்டாங்க!”