ஆளுக்கொரு வேன்

"இன்னிக்கு ரெண்டு பேரும் சேர்ந்து உட்காரக் கூடாது. சிரிக்கக் கூடாது. மீறினா அடுத்த மாசம் அணைக்கட்டுக்குப் போறப்ப ஆளுக்கொரு வேன்தான். புரிஞ்சுதா?"

செருப்பு மாட்டும்போதே நெட்டைக்கு வீட்டில் இந்த உத்தரவு கிடைத்துவிட்டது. சமர்த்தாகத் தலையாட்டினாள். இந்நேரம் சுருட்டைக்கும் அவள் வீட்டில் இதே பாட்டு விழுந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

நெட்டை, சுருட்டை இரண்டுமே ரயிலில் முளைத்த பெயர்கள். கோடை விடுமுறையில் பள்ளியிலிருந்து எட்டுக் குடும்பங்கள் சேர்ந்து மலைக்குப் போயிருந்தன. ஜன்னலோர இடத்துக்காக முதலில் இருவரும் முறைத்துக்கொண்டார்கள். அரை மணி நேரத்தில் அந்த ஒரே இடத்தில் ஒட்டி உட்கார்ந்து, எதிரே குறட்டை விட்டவரைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்கள். நான்கு நாளும் அந்தச் சிரிப்பு ஓயவில்லை. நெட்டை இந்த ஊருக்குக் குடிவந்து மூன்று வருடமாகிறது. வயிறு வலிக்கச் சிரிக்க ஓர் ஆள் கிடைத்தது அந்த ரயிலில்தான்.

இன்று பள்ளி அரங்கில் பயணப் பகிர்வு. ஒவ்வொரு குடும்பமாக மேடையேறி, திரையில் படம் காட்டிக் கதை சொன்னார்கள். நெட்டைக்கு மூன்றாவது வரிசை. சுருட்டைக்குக் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் இடம்.

ஒரு குடும்பம் அருவியில் குளித்தது. இன்னொரு குடும்பத்தின் மூக்குக்கண்ணாடியைக் குரங்கு பிடுங்கிப் போட்டுக்கொண்டது. நெட்டை உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்து போனவள், திரும்பி வரும்போது எப்படியோ தூணுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்திருந்தாள்.

"ஏய், இங்க எதுக்கு வந்தே? மாட்டிக்கப் போறோம்" என்று கிசுகிசுத்தபடியே நகர்ந்து இடம் விட்டாள் சுருட்டை.

"அஞ்சே நிமிஷம். வாயே தொறக்க மாட்டேன்."

அப்போது பார்த்துத் திரையில் அந்தப் படம் வந்தது. நடு ஏரியில் ஒரு பெடல் படகு. அன்றைக்கு நெட்டை முன்பக்கமாக மிதிக்க, சுருட்டை பின்பக்கமாக மிதிக்க, படகு நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றியது. கடைசியில் படகுக்காரர் கயிறு கட்டி இழுத்து வந்தார். அவர் முகம் படத்தில் பளிச்சென்று விழுந்திருந்தது.

முதலில் சுருட்டையின் தோள் குலுங்கியது. நெட்டை கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டாள். சிரிப்பு மூக்கு வழியாக வந்தது. மேடையில் பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை மறந்து நிற்க, அரங்கமே திரும்பிப் பார்த்தது.

"தூணுக்குப் பின்னாடி இருக்கற ரெண்டு பேரும் நிகழ்ச்சி முடிஞ்சதும் என் ரூமுக்கு வாங்க" என்றது மைக்கில் தலைமையாசிரியையின் குரல்.

அறையில் அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார்.

"உங்க மேல புகார் வந்திருக்கு. படிக்கிறேன், கேளுங்க. 'ஸ்டேஷன்ல தண்ணி பிடிக்க இறங்கி, பேசிக்கிட்டே நின்னுட்டாங்க. ரயில் கிளம்பிடுச்சு. கடைசிப் பெட்டியில ஓடி ஏறி, பதினோரு பெட்டி நடந்து வந்தாங்க. அதுக்குள்ள நாங்க பயந்து அழுதுட்டோம்.' இது உண்மையா?"

"பதினொண்ணு இல்ல மேடம், ஒம்போது" என்றாள் சுருட்டை. நெட்டை அவள் தொடையில் கிள்ளினாள்.

"ரெண்டு பேரையும் வேற வேற வேன்ல ஏத்தச் சொல்லிக் கேட்டிருக்காங்க. நான் என்ன பண்ணட்டும்?"

நெட்டைக்குச் சிரிப்பு சட்டென்று வடிந்துவிட்டது. பக்கத்தில் சுருட்டை இல்லாமல் அணைக்கட்டு வரைக்குமான இரண்டு மணி நேரப் பயணத்தை நினைத்துப் பார்த்தாள். மூன்று வருடமும் அப்படித்தானே எல்லா இடத்துக்கும் போய் வந்தாள்.

"மேடம், இனிமே படகுல ஏறல. நடுவழியில எங்கயும் இறங்கல. வேணும்னா தூங்கிக்கிட்டே வர்றோம். பிரிச்சு மட்டும் உட்கார வெச்சுடாதீங்க."

சுருட்டையின் விரல்கள் அவள் விரல்களைத் தேடிப் பிடித்துக்கொண்டன. தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, எழுந்துபோய்க் கதவைத் திறந்தார்.

"உள்ள வாங்க. முடிவை நீங்களே சொல்லிடுங்க."

புகார் கொடுத்தவர்கள் இருவரும் கையைக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார்கள். முகத்தில் துளிச் சிரிப்பில்லை.

"நாலு நாளும் இவங்களைக் கட்டி மேய்ச்சது நாங்கதான் மேடம். அந்தத் தலைவலி எங்களுக்குத்தான் தெரியும்."

நெட்டையும் சுருட்டையும் தரையைப் பார்த்தார்கள். வந்தவர்கள் மூலைக்குப் போய்க் குசுகுசுவென்று ஆலோசித்தார்கள்.

"சரி, ஒரே வேன்ல வரட்டும். ஆனா நடுவுல நாங்கதான் உட்காருவோம். தண்ணி வேணும்னா எங்களைக் கேக்கணும். ஜன்னல்ல கை நீட்டக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம்" என்று இரண்டு குரல் ஒன்றாக வந்தது.

"அப்படின்னா புகாரை வாபஸ் வாங்கறதா எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க" என்று தலைமையாசிரியை பேனாவை நீட்டினார்.

புகார் கொடுத்த இருவரும் கையெழுத்துக்குக் கீழே 'நான்காம் வகுப்பு, ஆ பிரிவு' என்று குண்டு குண்டாக எழுதினார்கள். பிறகு, மறுபடியும் சிரிக்க ஆரம்பித்துவிட்ட தங்கள் அம்மாக்களை ஆளுக்கொரு கையாகப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனார்கள்.