ஐம்பதுக்குக் கீழே

வான்மதிக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது. கணவன் குமணன் அவளைக் காரில் ஏற்றினான்.

“ஓட்டுநரின் பதற்றம் தொண்ணூறு. ஐம்பதுக்குக் கீழே இறங்கினால்தான் வண்டி நகரும்” என்றது கார்.

பதற்றத்துக்காக வாராவாரம் பார்க்கும் சிகிச்சையாளர் ஹேமலதாவுக்குப் போன் செய்தான். “மேடம், என்னால முடியல!”

“பயப்படுறது நியாயந்தான், குமணன். அதோடயே செய்யலாம். முகத்துல ஜில்லுனு தண்ணி ஊத்துங்க. மூச்சை மெதுவா விடுங்க.”

செய்தான். எண் அறுபதுக்கு வந்தது. வான்மதி வலியில் கத்தினாள். எண் எண்பதுக்குத் தாவியது.

அவள் அவனைப் பார்த்தாள். துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டாள். அடுத்த வலிக்குச் சத்தமே வரவில்லை. அவன் மூச்சை விட்டுக்கொண்டே இருந்தான். கார் நகர்ந்தது.

பிரசவ அறைக் கதவு மூடிய பிறகுதான் அவள் வாய்விட்டு அலறுவது அவனுக்குக் கேட்டது.