பவளம் அலறினால் வண்டி நிற்கும்

சென்னையிலிருந்து ஊட்டிப் பந்தயத்துக்குப் போய்க்கொண்டிருந்த அந்த லாரிக்கு ஓட்டுநர் கிடையாது. பின்கட்டில் பவளம் என்ற பெண்குதிரையும், அதைக் குட்டியிலிருந்து வளர்த்த ரெஜினாவும், அவள் புருஷன் ஆரோக்கியமும் இருந்தார்கள். சேலம் தாண்டியதும் ஆரோக்கியம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வைக்கோலில் சரிந்தான்.

ரெஜினா மேலே இருந்த கேமராவைப் பார்த்துக் கத்தினாள். "வண்டிய நிறுத்துங்க! எங்க வீட்டுக்காரருக்கு மூச்சு முட்டுது!"

"குதிரை அமைதியாக இருக்கிறது. பயணம் தொடர்கிறது" என்றது கேமராவின் குரல்.

குதிரை கலங்கினால் மட்டுமே வண்டி நிற்கும் என்பது அவளுக்குத் தெரியும். குளம்பு செதுக்கும் கத்தியை எடுத்துப் பவளத்தின் தொடையில் லேசாகக் கீறினாள். அவள் கை என்பதால் பவளம் பொறுத்துக்கொண்டு, திரும்பி அவள் தோளை முகர்ந்தது.

"அலறு கண்ணு, அலறிடு" என்று அழுதபடியே கத்தியை ஆழமாக இறக்கினாள். பவளம் அலறிக்கொண்டு உதைத்தது. வண்டி உடனே நின்றது. ரெஜினா ஆரோக்கியத்தை இழுத்து இறக்கிச் சாலையோரத்தில் கிடத்தினாள்.

சற்று நேரத்தில் வேறொரு லாரியில் இரண்டு ஆட்களோடு டாக்டர் வந்தார். ரெஜினா அவர் கையைப் பிடித்தாள். "இன்னும் உயிர் இருக்குங்கய்யா. கொஞ்சம் பாருங்க."

"நான் குதிரைக்கு வந்தவம்மா. மனுஷங்களைத் தொட எனக்கு அனுமதி இல்ல."

பவளத்துக்குக் கட்டுப் போட்டு அந்த லாரியில் ஏற்றினார்கள். அதிலாவது புருஷனை ஏற்றிக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டு அவள் கிட்டே போனதும், பவளம் அவளைக் கண்டு மிரண்டது.

"குதிரை கலங்குகிறது. அந்தப் பெண்ணை விலக்குங்கள்" என்றது அந்த லாரியிலிருந்த கேமராவின் குரல்.

அவளை இழுத்துக்கொண்டு போய், சாலையோரத்தில் ஆரோக்கியத்தின் பக்கத்தில் விட்டார்கள். அதற்குள் அவன் மூச்சு அடங்கியிருந்தது.