நடுவில் மூன்று புள்ளி

பாதி மூடிய ஜன்னல் வழியாக மதிய வெயில் மேஜையில் இறங்கிக் கிடக்கிறது. அவள் சுட்டுவிரல் மவுஸின் மேல் நிற்கிறது, அழுத்தவில்லை. பிளாக்செயின் என்கிற பொதுக் கணக்கேட்டில் ஓடும் தங்கள் கான்ட்ராக்டை, அந்தச் சின்னப் புரோகிராமை, விற்றாகிவிட்டது; அதன் உரிமையை, வாங்கியவர்களின் முகவரிக்கு மாற்றிக்கொடுக்க வேண்டும். மிச்சம் அவள் ஒப்புதல் ஒன்றுதான். கொடுத்தால் உரிமை திரும்பி வராது. இந்த லேப்டாப்புக்கும் செயினுக்கும் நடுவே நின்று பேசுவது ஒரு ஜாவாஸ்கிரிப்ட் அடாப்டர் லைப்ரரி, யாரோ எழுதிவைத்த ரெடிமேட் கோட். தரகன் மாதிரி, இங்கே சொன்னதைத்தான் அங்கே போய்ச் சொல்கிறானா, யார் கண்டது? அதன் புதுப் பதிப்பைக் காலையில்தான் கொழுந்தன் இறக்கிப் போட்டான். அப்போதிலிருந்து லேப்டாப்பின் விசிறிக்கு மூச்சிரைக்கிறது. திரையில், நாற்பது எழுத்தும் எண்ணுமாக நீளும் அந்த முகவரியின் முதல் நாலெழுத்தும் கடைசி நாலெழுத்தும்தான் தெரிகின்றன, நடுவில் மூன்று புள்ளி. இந்த ஆபீசில் எல்லாரும் தலையையும் வாலையும் பார்த்துவிட்டு அழுத்துகிறவர்கள்தான். “ரெண்டும் சரியாத்தானே இருக்கு, அண்ணி?” டீக் கப்போடு பின்னால் நிற்கும் கொழுந்தன் கேட்கிறான். “இருக்கு. விலாங்கும் பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும்தான் காட்டும்.” “வாங்கினவங்க அவசரப்படுறாங்க, அண்ணி.” அவள் புள்ளிகளின் மேல் அழுத்துகிறாள். முகவரி முழுசாக அவிழ்கிறது. வாங்கியவர்கள் அனுப்பியதைப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகக் கண்ணால் தடவிப் போகிறாள். நடுவில் ஓரெழுத்தும் ஒத்துப்போகவில்லை. லைப்ரரியைத் திட்ட வாயெடுத்துத் திரும்புகிறாள். கொழுந்தன் கையில் கப் சாய்ந்து டீ தரையில் சொட்டுகிறது. அவன் திரையைப் பார்க்கவே இல்லை. இன்னும் ஒப்புதலை அழுத்தாமல் மவுஸின் மேலிருக்கும் அவள் விரலையே பார்த்துக்கொண்டு நிற்கிறான்.