எண்சாண் கணக்கு

“இன்னும் கொஞ்சம் விரிங்க சார். பறக்கப் போற மாதிரி,” என்றான் கண்ணாடிக்காரன்.

“பறந்துட்டா எப்படிப்பா அளப்பே?” என்றார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர். ஆனாலும் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டினார்.

கண்ணாடிக்காரன் டேப்பின் ஒரு முனையை அவருடைய இடது நடுவிரலில் பிடித்துக்கொண்டான். முன்பெஞ்சுக்காரி மறுமுனையை அவர் மார்புக்குக் குறுக்கே வலது நடுவிரல் வரை இழுத்துப் போனாள்.

“நூத்தி எண்பத்திரண்டு.”

பயிற்சிக்கு வந்திருந்த மற்றவர்கள் குறித்துக்கொண்டார்கள். காலையிலிருந்து ஒருவரை ஒருவர் அளந்து பார்த்ததில் அவர்களுக்கு ஒன்று பிடிபட்டிருந்தது. அளவு ஆளுக்கு ஆள் மாறுகிறது. விகிதம் அவ்வளவாக மாறுவதில்லை. கை விரித்த அகலம் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவே உயரம். ஒருவன் தன் உயரத்தில் மூன்று சென்டிமீட்டர் கூட்டிச் சொல்லிவிட்டு, தன் கையாலேயே மாட்டிக்கொண்டிருந்தான்.

இப்போது வெளியாள் ஒருவர் வந்திருக்கிறார். அவருடைய உயரத்தைக் கணக்கிலேயே கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் ஆசிரியை வைத்த பரீட்சை.

“ஒண்ணுக்கு ஒண்ணு. அப்போ உயரமும் நூத்தி எண்பத்திரண்டு மேடம்.”

ஆசிரியை வந்தவரிடம் திரும்பினாள். “விடை சரியா சார்?”

“தப்பு. நூத்தி அறுபத்திரண்டு.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். கண்ணாடிக்காரனுக்கு முகம் சுருங்கிப்போனது.

“ஒண்ணு ரெண்டு முன்னப்பின்ன இருக்கலாம். இருபது எங்கே போச்சு? டேப்பை ஒழுங்காப் பிடிச்சியா?” என்றாள் ஆசிரியை.

மறுபடி அளந்தார்கள். நூல் பிசகாமல் அதே எண்தான் வந்தது.

“சரி, ஒரு விகிதம் ஏமாத்தலாம். ரெண்டும் சேர்ந்து ஏமாத்தாது. எண்சாண் உடம்புன்னு சும்மாவா சொல்லி வெச்சாங்க? சார் சாணை அளங்க.”

முன்பெஞ்சுக்காரி மேசையில் ஸ்கேலை வைத்தாள். வந்தவர் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் பட்டும் படாமல் பிரித்தார்.

“என்ன சார், சாண் விரிக்கிறதுல கூடவா கஞ்சத்தனம்? நல்லா விரிங்க.”

அவளே விரலைப் பிடித்து விரித்தாள். இருபத்திரண்டரை. எட்டால் பெருக்கினாள். “நூத்தி எண்பது மேடம்.”

“உங்க சாணே உங்களைக் காட்டிக்கொடுத்துடுச்சு சார்,” என்றாள் ஆசிரியை.

“எண்சாண்னு சொன்னவங்க என்னை அளந்து பாத்தா சொன்னாங்க?”

“நீங்க சொல்ற உயரத்துக்கு இந்தக் கை இருந்தா, முழங்காலைத் தொட்டுடும். பொருத்தமாவே இருக்காது.”

“ஆஜானுபாகுன்னு கேள்விப்பட்டதில்லையா டீச்சர்? ராஜ லட்சணம்!”

வகுப்பே சிரித்தது. ஆசிரியை சிரிக்கவில்லை. இந்த ஒரு அளவு பிசகினால் அதற்குப் பின்னால் வருகிற எல்லாமே பிசகும். அவள் கதவைத் திறந்து வெளியே எட்டிப் பார்த்தாள். நடைபாதை பெஞ்சில் தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு அவருடைய மனைவி உட்கார்ந்திருந்தாள். ஆசிரியையைக் கண்டதும் சட்டென்று எழுந்து நின்றாள்.

“உங்க வீட்டுக்காரர் என்ன உயரம்மா?”

“அவரா? வேலை செஞ்ச இடத்துல ஏணின்னுதான் பேரு. நூத்தி எண்பத்தொண்ணோ ரெண்டோ. ஏன் மேடம், உள்ளே என்ன சொல்றாரு?”

“ஒண்ணுமில்லம்மா. சரிபார்க்கத்தான் கேட்டேன். உக்காருங்க.”

அந்த அம்மாள் நூற்றி அறுபதுக்கு மேல் இருக்க மாட்டாள் என்று, அளந்து அளந்து பழகிய கண் தானாகச் சொன்னது.

ஆசிரியை உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். “எல்லாரும் இல்லாத உயரத்தைக் கூட்டிச் சொல்லுவாங்க. நீங்க மட்டும் எதுக்கு சார் இருக்கறதைக் குறைக்கறீங்க? வெளியே உங்க சம்சாரமே உண்மையைச் சொல்லிட்டாங்க.”

வந்தவரின் முகத்திலிருந்து கிண்டல் இறங்கியது. சாத்திய கதவை ஒரு முறை பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

“ஒரே குடையில போனா நான் நனையவே மாட்டேன் டீச்சர். குடை என் உயரத்துல இருக்கும். சாரல் பூரா அவ மேல. ஒரு நாளும் வாயைத் திறந்து சொன்னதில்ல. கல்யாணம் ஆனதுலேர்ந்து என்னை அண்ணாந்து பாத்தே பேசினா. இந்த ஒரு வருஷமா குனிஞ்சு பாத்துப் பேசறா. நேருக்கு நேரா ஒரு தடவை அவ முகத்தைப் பாத்துடணும்.”

“அதுக்கு நூத்தி அறுபதே போதுமே சார்.”

“ரெண்டு சென்டிமீட்டர் கூட இருக்கட்டும். புருஷன்னு ஒரு மரியாதை இருக்கில்ல?”

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. கண்ணாடிக்காரன் சாக்பீஸோடு பலகை முன்னால் நின்றான். “மேடம், இப்ப எந்த அளவை எழுதறது?”

ஆசிரியை வந்தவரைப் பார்த்தாள். வந்தவரே சொன்னார்:

“போன காலு ரெண்டும் என்னைக் கேட்டுக்கிட்டா வளந்துச்சு? நீங்க செஞ்சு தரப்போற காலாவது நான் சொல்ற உயரத்துக்கு இருக்கட்டும்பா.”